அமெரிக்கப் பத்திரிகையாளர்களின் தொழில் வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க நாளிதழ்களிலும் வார, மாத இதழ்களிலும் எழுதியவர்கள் இந்தத் தொழிலுக்குள் எப்படி வந்தார்கள், எதைச் செய்து வளர்ந்தார்கள், எங்கே சறுக்கினார்கள் என்று இதழியல் மாணவர்களும் வாசகர்களும் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். புகழ்பெற்ற பெயர்கள் நிறைய வரும். ஆனால் என் அக்கறை முக்கியமாகச் சின்ன ஊர்ப் பத்திரிகைகள் மேல். பெரிய நிருபர்களில் பலர் தொழில் கற்றது அங்கேதான். இன்று வேகமாக மூடப்பட்டு வருபவையும் அவைதான்.

அமெரிக்காவில் ஒருவர் நிருபர் ஆவது எப்படி?

நீண்ட காலம் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பெரிய பத்திரிகையில் எடுபிடிப் பையனாகச் சேர்வது. தட்டச்சு செய்த தாளை நிருபரிடமிருந்து வாங்கி ஆசிரியர் மேசைக்குக் கொண்டுபோவது, காப்பி வாங்கி வருவது எல்லாம் அந்தப் பையனின் வேலை. இன்னொன்று, சின்ன ஊர்ப் பத்திரிகையில் எல்லாவற்றையும் எழுதுவது. நகர சபைக் கூட்டம், பள்ளி வாரியக் கூட்டம், போலீஸ் பதிவேடு, இரங்கல் குறிப்பு, உயர்நிலைப் பள்ளிக் கால்பந்து என்று ஒரே ஆள் ஒரே வாரத்தில் ஓடுவார். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து, அச்சில் வந்த நல்ல கட்டுரைகளின் நறுக்குகளை ஒரு கோப்பில் போட்டு அடுத்த ஊர்ப் பத்திரிகைக்கு விண்ணப்பிப்பார். அப்புறம் அதைவிடப் பெரியதற்கு.

இந்த வழிக்கு ஜீன் ராபர்ட்ஸைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1932-இல் பிறந்தவர். வட கரோலினா மாநிலத்தில் கோல்ட்ஸ்பரோ என்ற ஊரின் 'நியூஸ்-ஆர்கஸ்' பத்திரிகையில் தொடங்கினார். விவசாயப் பகுதிகளைச் சுற்றிவந்து பத்தி எழுதுவது அவர் வேலை. யார் வயலில் என்ன விளைந்தது, யார் வீட்டில் விசேஷம் என்றெல்லாம் எழுதினார். பிரெஞ்சுத் தளபதி டி கால் முகச்சாயலில் விளைந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறார். பத்திரிகையின் ஆசிரியர் ஹென்றி பெல்க் கண் பார்வை இழந்தவர். தினமும் பத்திரிகையை யாராவது படித்துக் காட்ட, காதால் கேட்பார். ஒருநாள் ராபர்ட்ஸைக் கூப்பிட்டு, நீ எழுதுவது என் கண்ணுக்குத் தெரியவில்லை, என்னைப் பார்க்க வை என்ற பொருளில் சொன்னார். அந்தப் பாடத்தை ராபர்ட்ஸ் கடைசிவரை தன் நிருபர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழுக்காகத் தென் மாநிலங்களில் கறுப்பினத்தவர் நடத்திய சம உரிமைப் போராட்டங்களையும், சைகோனிலிருந்து வியட்நாம் போரையும் எழுதினார். 1972-இல் 'ஃபிலடெல்ஃபியா இன்க்வயரர்' நாளிதழின் ஆசிரியரானார். அவர் இருந்த 18 ஆண்டுகளில் அந்தப் பத்திரிகை அமெரிக்க இதழியலின் மிக உயர்ந்த விருதான புலிட்சர் பரிசை 17 முறை பெற்றது. அங்கே அவர் நிருபர்களுக்குக் கொடுத்தது முக்கியமாக நேரம்தான். ஒரே விஷயத்தைத் தோண்ட மாதக்கணக்கில் விட்டார்.

இதழியல் பட்டம் கட்டாயமா?

சட்டப்படி எந்தத் தகுதியும் தேவையில்லை. வழக்கறிஞருக்கு இருப்பதுபோல் உரிமம் கிடையாது; பேச்சுரிமையையும் பத்திரிகை உரிமையையும் காக்கும் அரசியல் சாசனத் திருத்தம் இருக்கும்வரை அப்படி ஒன்று வரவும் முடியாது. மிசூரி பல்கலைக்கழகத்தில் 1908-இல் இதழியல் பள்ளி தொடங்கியது. அந்தப் பரிசுக்குப் பெயர் தந்த பத்திரிகை அதிபர் ஜோசப் புலிட்சர் விட்டுச்சென்ற பணத்தில் கொலம்பியா பல்கலைக்கழகப் பள்ளி 1912-இல் வந்தது. புலிட்சரே பட்டம் பெற்றவர் அல்ல. ஹங்கேரியிலிருந்து வந்தவர், செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு ஜெர்மன் மொழிப் பத்திரிகையில்தான் நிருபரானார்.

இன்று புதிதாகச் சேருகிறவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு பட்டம் பெற்றவர்களே. ஆனால் ஆசிரியர்கள் முதலில் பார்ப்பது கல்லூரிப் பத்திரிகையிலும் பயிற்சிக் காலத்திலும் எழுதிய கட்டுரைகளைத்தான்.

வாட்டர்கேட் ஊழலை வெளிக்கொண்டுவந்த இருவரும் பெரிய அனுபவசாலிகளா?

இல்லை. பாப் உட்வர்ட் யேல் பல்கலைக்கழகத்தில் படித்து, கடற்படையில் இருந்துவிட்டு வந்தவர். 1970-இல் 'வாஷிங்டன் போஸ்ட்' அவரை இரண்டு வாரம் சோதித்துப் பார்த்து வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. அவர் பக்கத்திலிருந்த மேரிலாந்து மாநிலத்தின் 'மாண்ட்கோமரி சென்டினல்' என்ற வாரப் பத்திரிகையில் ஓர் ஆண்டு வேலை கற்றுக்கொண்டு 1971-இல் திரும்பி வந்தார். கார்ல் பெர்ன்ஸ்டீன் 16 வயதில் 'வாஷிங்டன் ஸ்டார்' நாளிதழில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தவர், கல்லூரியை முடிக்கவில்லை. 1972 ஜூன் 17-இல் வாஷிங்டனின் வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் ஐந்து பேர் புகுந்து பிடிபட்டபோது உட்வர்டுக்கு வயது 29, பெர்ன்ஸ்டீனுக்கு 28.

அந்தக் கதையில் எல்லோரும் மறந்துவிடுகிற ஒருவர் இருக்கிறார்: ஆல்ஃபிரட் லூயிஸ். 'போஸ்ட்' நாளிதழுக்காகப் பல பத்தாண்டுகள் போலீஸ் செய்திகள் மட்டுமே சேகரித்தவர். அதிகாரிகளோடு அவ்வளவு பழக்கம். மற்ற நிருபர்கள் வாசலில் தடுக்கப்பட்டபோது இவர் உள்ளே போய் அங்கிருந்தே விவரங்களைத் தொலைபேசியில் சொன்னார். மறுநாள் முதல் செய்தி அவர் பெயரில்தான் வந்தது. உட்வர்ட் அன்று போனது சாதாரண நீதிமன்ற விசாரணைக்கு. அங்கேதான் பிடிபட்டவர்களில் ஒருவர் தான் முன்பு சி.ஐ.ஏ.வில் இருந்ததாக நீதிபதியிடம் சொல்வது அவர் காதில் விழுந்தது. ஜனாதிபதி நிக்சனைப் பதவி விலகவைத்த செய்தி, காவல் நிலையமும் கீழ் நீதிமன்றமும் சுற்றுகிற அன்றாட வேலையில்தான் தொடங்கியது. தினமும் அங்கே ஆள் அனுப்பும் வசதி ஒரு பத்திரிகைக்கு இல்லாமல் போனால் என்ன இழக்கிறோம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நாளிதழ் வேலைக்கும் மாத இதழ் வேலைக்கும் என்ன வேறுபாடு?

முக்கியமானது காலம். நாளிதழ் நிருபருக்கு மாலைக்குள் கட்டுரை தயாராக வேண்டும். நல்ல மாத இதழில் ஒரே கட்டுரைக்கு மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் கொடுத்திருக்கிறார்கள்.

ஐடா டார்பெல் விஷயத்தைப் பாருங்கள். 1857-இல் பென்சில்வேனியாவின் எண்ணெய்க் கிணற்றுப் பகுதியில் பிறந்தவர். அலெகெனி கல்லூரியில் 1880-இல் பட்டம் பெற்ற வகுப்பில் அவர் ஒருவரே பெண். ஒரு சிறிய இதழில் உதவி ஆசிரியராக இருந்து, பிறகு பாரிஸுக்குப் போய் அமெரிக்கப் பத்திரிகைகளுக்குக் கட்டுரை அனுப்பிப் பிழைத்தார். சாமுவேல் மெக்ளூர் அவரைக் கண்டுபிடித்துத் தன் 'மெக்ளூர்ஸ்' இதழுக்கு அழைத்துக்கொண்டார். நெப்போலியன், லிங்கன் பற்றிய தொடர்கள் இதழின் விற்பனையை ஏற்றின. 1902 நவம்பரில் ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் வரலாற்றை அவர் தொடராக எழுதத் தொடங்கினார்.

அவர் முறை எளிமையானது, கடுமையானது: நீதிமன்ற ஆவணங்கள், விசாரணைக் குழு அறிக்கைகள், பழைய பத்திரிகைகள், ஒப்பந்தங்கள். ரயில்வே நிறுவனங்கள் ஸ்டாண்டர்ட் ஆயிலுக்கு மட்டும் ரகசியமாகக் கொடுத்த சரக்குக் கட்டணச் சலுகை, சிறிய எண்ணெய் வியாபாரிகளை எப்படி ஒழித்தது என்று காகிதத்தைக் காட்டியே நிறுவினார். பாதிக்கப்பட்டவர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர். அந்தக் கோபம் இருந்திருக்கும். ஆனால் வாக்கியங்களில் அது வழியவில்லை. 1911-இல் உச்ச நீதிமன்றம் அந்த நிறுவனத்தைப் பல நிறுவனங்களாகப் பிரிக்க உத்தரவிட்டது. தீர்ப்புக்கு அவர் கட்டுரைகள் மட்டுமே காரணம் இல்லை. பொதுமக்கள் கருத்தை மாற்றியதில் அவற்றுக்கு ஈடு கிடையாது.

இதழ்களில் உண்மை சரிபார்ப்பவர் என்று ஒருவர் உண்டாமே?

உண்டு. 'டைம்', 'நியூயார்க்கர்' இரண்டும் 1920-களிலேயே இந்த வழக்கத்தைத் தொடங்கின. கட்டுரையில் வரும் ஒவ்வொரு பெயரையும் தேதியையும் தெருவையும் அடிக்கோடிட்டு, ஆவணம் பார்த்தோ சம்பந்தப்பட்டவரைத் தொலைபேசியில் கேட்டோ உறுதிசெய்கிற வேலை. நாளிதழ்களில் இப்படித் தனி ஆள் பெரும்பாலும் இல்லை. இரவு டெஸ்க்கில் இருந்த உதவி ஆசிரியர்களே முடிந்தவரை பிடிப்பார்கள். ஆள்குறைப்பு வந்தபோது அந்த டெஸ்க்கும் வெட்டுப்பட்டது. அச்சில் வரும் பிழைகளில் அதன் விளைவு தெரிகிறது.

பெண்களுக்கு இந்தத் தொழிலில் இடம் எப்படிக் கிடைத்தது?

சண்டை போட்டுத்தான். 1885-இல் பிட்ஸ்பர்க் நகரின் 'டிஸ்பாட்ச்' பத்திரிகையில், பெண்களுக்கு வீடுதான் இடம் என்று ஒரு பத்தி வந்தது. அதைப் படித்துக் கொதித்த ஓர் இளம்பெண் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். கடிதத்தின் வேகத்தைப் பார்த்த ஆசிரியர் வேலை கொடுத்தார். நெல்லி பிளை என்ற புனைபெயரில் உலகம் அறிந்தவர் அவர்தான். 1887-இல் நியூயார்க்கின் 'வேர்ல்ட்' பத்திரிகைக்காக மனநோயாளியாக நடித்து, பெண்கள் மனநலக் காப்பகத்துக்குள் பத்து நாள் இருந்து, அங்கே நடந்த கொடுமைகளை எழுதினார். 1889-90-இல் 72 நாளில் உலகைச் சுற்றினார். அந்தப் பயணத்தில் அடுத்த கப்பலுக்காகக் கொழும்பில் சில நாள்கள் காத்திருந்திருக்கிறார் என்பது நம் வாசகர்களில் பலருக்குத் தெரியாது.

ஆனால் ஒரு நெல்லி பிளை வந்ததால் கதவு திறந்துவிடவில்லை. வாஷிங்டனில் தலைவர்கள் வந்து பேசும் தேசியப் பத்திரிகையாளர் மன்றம் 1971 வரை பெண்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. 1955 முதல் பெண் நிருபர்கள் மாடத்தில் நின்று குறிப்பெடுக்கலாம் என்று மட்டும் விட்டார்கள். கீழே ஆண்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே கேட்பார்கள்.

செய்தி வார இதழ்களில் இன்னொரு வகை ஏற்பாடு இருந்தது. தகவல் திரட்டுவதும் சரிபார்ப்பதும் பெண்கள், எழுதிப் பெயர் வாங்குவது ஆண்கள். 1970 மார்ச்சில் 'நியூஸ்வீக்' இதழின் 46 பெண்கள் இதை எதிர்த்துப் புகார் கொடுத்தார்கள். பெண்கள் இயக்கம் பற்றிய அட்டைப்படக் கட்டுரையோடு இதழ் கடைக்கு வந்த அதே நாளைத் தேர்ந்தெடுத்து அறிவித்தார்கள். அவர்களில் ஒருவரான லின் போவிச் 1975-இல் அந்த இதழின் முதல் பெண் மூத்த ஆசிரியரானார். நீதிமன்றத்துக்கும் அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்துக்கும் போன பிறகுதான் மற்ற நிறுவனங்களும் அசைந்தன.

கறுப்பினப் பத்திரிகையாளர்களின் நிலை?

அவர்கள் முதலில் தங்களுக்கென்று பத்திரிகைகளை உருவாக்க வேண்டியிருந்தது. அடிமையாகப் பிறந்த ஐடா பி. வெல்ஸ், மெம்ஃபிஸ் நகரில் 'ஃப்ரீ ஸ்பீச்' பத்திரிகையின் பங்குதாரர். 1892-இல் கடை நடத்திய மூன்று கறுப்பின நண்பர்களை ஒரு கும்பல் கொன்றது. அப்படிப்பட்ட கொலைகளுக்குச் சொல்லப்படும் காரணங்கள் பொய் என்று அவர் எழுத, அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். அவர் ஊர் திரும்ப முடியவில்லை. ஆனால் நிறுத்தவில்லை, கொலைகளின் எண்ணிக்கையையும் பெயர்களையும் வெள்ளையர் பத்திரிகைகளிலிருந்தே தொகுத்து, அதையே சாட்சியாக வைத்தார். புலிட்சர் குழு அவருக்குச் சிறப்புப் பாராட்டு கொடுத்தது 2020-இல், அவர் இறந்து 89 ஆண்டுகள் கழித்து.

பெரிய நாளிதழ்கள் 1960-கள் வரை கறுப்பினத்தவரை வேலைக்கு எடுப்பதே அபூர்வம். 1965-இல் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் கலவரம் வெடித்தபோது 'லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்' நாளிதழிடம் ஒரு கறுப்பின நிருபர்கூட இல்லை. விளம்பரப் பிரிவில் இருந்த ராபர்ட் ரிச்சர்ட்சன் என்ற இளைஞர் தெருவுக்குப் போய், பொதுத் தொலைபேசிகளிலிருந்து பார்த்ததைச் சொன்னார். அந்தக் கலவரச் செய்திகளுக்காக அந்த நாளிதழ் மறு ஆண்டு புலிட்சர் வாங்கியது. 1968-இல் அரசு அமைத்த கெர்னர் குழு, செய்தித் துறையின் ஆசிரியர் குழுக்களில் கறுப்பினத்தவர் 5 சதவீதத்துக்கும் குறைவு என்று கண்டித்தது. 1983-இல் ராபர்ட் மேனார்ட் 'ஓக்லண்ட் ட்ரிபியூன்' நாளிதழை வாங்கி, பெருநகர நாளிதழ் ஒன்றின் முதல் கறுப்பின உரிமையாளர் ஆனார். அவர் 16 வயதில் பள்ளியை விட்டவர்.

நிறுவனத்தில் சேராமல் தனியாக எழுதிப் பிழைக்க முடியுமா?

முடியும், கஷ்டம். முதலில் ஆசிரியருக்குக் கட்டுரை யோசனையை ஒரு கடிதமாக எழுத வேண்டும். ஏற்றால் சொல் கணக்கில் கூலி. எழுதிக் கொடுத்த பின் வேண்டாம் என்றால் ஒரு பகுதிதான் கிடைக்கும்.

தனியாகச் செய்து காட்டியவர்களில் சீமோர் ஹெர்ஷ் முதன்மையானவர். சிகாகோவின் நகரச் செய்தி நிறுவனத்தில் போலீஸ் செய்தி எழுதப் பழகி, தெற்கு டகோட்டாவில் செய்தி நிறுவன நிருபராக இருந்து, ராணுவத் தலைமையகமான பென்டகன் செய்திகளை எழுதும் வரை வந்தவர். 1969-இல் எந்த வேலையிலும் இல்லை. வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் படையினர் நூற்றுக்கணக்கான பொதுமக்களைக் கொன்றதை, ஒரு சிறு அறக்கட்டளை கொடுத்த 250 டாலரை வைத்துக்கொண்டு துப்பறியத் தொடங்கினார். 'லைஃப்', 'லுக்' இரண்டு இதழ்களும் மறுத்தன. ஒரு சிறிய செய்தி முகமை மூலம் முப்பதுக்கு மேற்பட்ட நாளிதழ்களில் வெளியானது. 1970-இல் புலிட்சர் பரிசு. அதன் பிறகே பெரிய பத்திரிகைகள் அவரை அழைத்தன.

சம்பளம் எப்படி?

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்கில், நிருபர்களின் நடுநிலைச் சம்பளம் (பாதிப் பேர் இதற்குக் கீழே, பாதிப் பேர் மேலே) 2023-இல் ஆண்டுக்குச் சுமார் 57,500 டாலர். சின்ன ஊர்களில் தொடங்குபவருக்கு இதைவிட நன்றாகவே குறைவு. கல்விக் கடனும் வாடகையும் சேர்ந்தால், வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே தாக்குப்பிடிக்கிற தொழிலாக இது மாறிவருவது எனக்கு உண்மையான கவலை. 1933-இல் ஹேவுட் பிரூன் என்ற பத்தி எழுத்தாளர் முன்னின்று தொடங்கிய பத்திரிகையாளர் தொழிற்சங்கம் இன்றும் இயங்குகிறது. 2018-இல் 'லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்' ஊழியர்கள் வாக்களித்துச் சங்கம் அமைத்தார்கள்.

அமெரிக்காவுக்குள் இந்த வேலை ஆபத்தானதா?

சில சமயம், ஆம். 'அரிசோனா ரிபப்ளிக்' நிருபர் டான் போல்ஸ் 1976 ஜூனில் காரில் வைத்த குண்டு வெடித்து, பதினொரு நாள் போராடி இறந்தார். பல்வேறு பத்திரிகைகளிலிருந்து 38 பத்திரிகையாளர்கள் அரிசோனாவுக்குப் போய் அவர் விட்ட வேலையைத் தொடர்ந்தார்கள். ஒருவரைக் கொன்றால் செய்தி சாகாது என்று காட்டுவதே நோக்கம். 2018-இல் மேரிலாந்தின் 'கேபிடல் கெசட்' அலுவலகத்தில் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து ஊழியர்கள் இறந்தார்கள். மிஞ்சியவர்கள் மறுநாள் பத்திரிகையைக் கொண்டுவந்தார்கள். இவர்களெல்லாம் இருந்தது தங்கள் சொந்த ஊரில்.

பொய்யாக எழுதிப் பிடிபட்டால்?

பெரும்பாலும் தொழில் அதோடு முடிந்தது. ஜேனட் குக் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழில் ஹெராயினுக்கு அடிமையான எட்டு வயதுச் சிறுவனைப் பற்றி எழுதி 1981-இல் புலிட்சர் வாங்கினார். அப்படி ஒரு சிறுவனே இல்லை என்று தெரிந்ததும் பரிசு திருப்பித் தரப்பட்டது, அவர் விலகினார். 2003-இல் ஜேசன் பிளேர் இட்டுக்கட்டியதை 'நியூயார்க் டைம்ஸ்' தன் முதல் பக்கத்திலேயே விரிவாக ஒப்புக்கொண்டது. சில வாரங்களில் தலைமை ஆசிரியரும் பதவி விலகினார்.

இந்தியர்கள் யாராவது?

டெல்லியில் பிறந்த கோபிந்த் பிஹாரி லால், ஹெர்ஸ்ட் நிறுவனப் பத்திரிகைகளில் அறிவியல் செய்திகள் எழுதி, 1937-இல் வேறு நால்வரோடு புலிட்சர் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வேலைகள் எங்கே போயின?

பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி 2008-இல் அமெரிக்க நாளிதழ்களின் செய்திப் பிரிவுகளில் சுமார் 71,000 பேர் இருந்தார்கள்; 2020-இல் சுமார் 31,000 பேர். பன்னிரண்டு ஆண்டில் பாதிக்கு மேல் போய்விட்டது.

வாசகர்கள் படிப்பதை நிறுத்தியதால் என்று சிலர் சொல்கிறார்கள். முதல் காரணம் அதுவல்ல, விளம்பரம். பத்திரிகையை நடத்தியது வாசகர் கொடுத்த காசு மட்டும் இல்லை. வீடு வாடகைக்கு, கார் விற்பனைக்கு, ஆள் தேவை என்கிற வரி விளம்பரங்கள்தான் பெரும் பணம் கொண்டுவந்தன. 1995-இல் தொடங்கிய கிரெய்க்ஸ்லிஸ்ட் போன்ற தளங்கள் அதைப் பெரும்பாலும் இலவசமாக்கின. பிறகு கூகுளும் ஃபேஸ்புக்கும் மற்ற விளம்பரங்களை எடுத்துக்கொண்டன. 2006-இல் சுமார் 4,900 கோடி டாலராக இருந்த நாளிதழ் விளம்பர வருமானம் 2020-இல் 1,000 கோடிக்கும் கீழே வந்தது. டென்வர் நகரின் 'ராக்கி மவுன்டன் நியூஸ்' 150-ஆவது பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் முன்பு, 2009 பிப்ரவரி 27-இல் நின்றது.

இன்னொரு காரணமும் உண்டு, அது என்னைக் கோபப்படுத்துவது. தள்ளாடிய பத்திரிகைகளை முதலீட்டு நிதி நிறுவனங்கள் வாங்கின. 2021-இல் ஆல்டன் குளோபல் கேபிடல், 'சிகாகோ ட்ரிபியூன்' உள்ளிட்ட நாளிதழ்களின் நிறுவனத்தை வாங்கியதும், தொகை தருகிறோம், தாமாக விலகுங்கள் என்று ஊழியர்களுக்கு அறிவிப்பு வந்தது. பல ஆண்டுகள் ஒரே நகரை எழுதியவர்கள் அப்படித்தான் வெளியேறினார்கள். இதழ்களும் தப்பவில்லை, 'நேஷனல் ஜியோகிராஃபிக்' 2023-இல் தன் கடைசி நிரந்தர எழுத்தாளர்களையும் வேலையிலிருந்து எடுத்தது.

நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கணக்கில் 2005-க்குப் பிறகு 3,200-க்கு மேற்பட்ட பத்திரிகைகள் மூடப்பட்டுள்ளன. பெரும்பாலானவை வாரப் பத்திரிகைகள். உட்வர்டைப் பழக்கிய அந்த 'சென்டினல்' பத்திரிகையும் இன்று இல்லை.

அப்படியானால் இன்று தொடங்குபவர் எங்கே போவது?

லாப நோக்கமற்ற செய்தி நிறுவனங்கள் வளர்ந்திருக்கின்றன. 2008-இல் வெளியிடத் தொடங்கிய 'புரோபப்ளிக்கா', அதற்குப் பிறகு வந்த 'டெக்சஸ் ட்ரிபியூன்', 'மிசிசிப்பி டுடே' போன்றவை நன்கொடையில் நடப்பவை. மிசிசிப்பியில் ஏழைகளுக்கான நலத்திட்டப் பணம் எப்படித் திருப்பிவிடப்பட்டது என்று எழுதிய இளம் நிருபர் அன்னா வுல்ஃப் 2023-இல் புலிட்சர் வாங்கினார். 'ரிப்போர்ட் ஃபார் அமெரிக்கா' என்ற அமைப்பு, புதிய நிருபர்களை உள்ளூர்ச் செய்தி நிறுவனங்களுக்கு அனுப்பிச் சம்பளத்தில் ஒரு பங்கைத் தானே தருகிறது.

மிஞ்சியிருக்கும் குடும்பப் பத்திரிகைகளையும் விடாதீர்கள். அயோவாவின் 'ஸ்டார்ம் லேக் டைம்ஸ்' வாரம் இருமுறை, சுமார் 3,000 பிரதிகள் விற்ற பத்திரிகை. ஆற்றில் உரக் கழிவு கலப்பது தொடர்பான வழக்கில் மாவட்டத்தின் செலவை யார் ரகசியமாகக் கொடுக்கிறார்கள் என்று விடாமல் கேட்டுத் தலையங்கம் எழுதிய ஆர்ட் கல்லன் 2017-இல் புலிட்சர் பெற்றார். அப்போது அங்கே அவருடைய அண்ணன் வெளியீட்டாளராகவும் மகன் நிருபராகவும் இருந்தார்கள்.

இவர்கள் எழுதியதை எங்கே படிக்கலாம்?

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 'குரோனிக்லிங் அமெரிக்கா' தளத்தில் பழைய நாளிதழ்களின் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பக்கங்கள் இலவசமாக உள்ளன. ஊர், ஆண்டு கொடுத்துத் தேடலாம். புலிட்சர் பரிசுத் தளத்தில் 1995 முதல் பரிசு பெற்ற கட்டுரைகள் பலவற்றை முழுதாகப் படிக்கலாம். உள்ளூர்ச் செய்திக்கான பிரிவில் தொடங்குங்கள், தேசியச் செய்திக்கு அப்புறம் வரலாம்.